அடை வைத்த கோழி: எந்த அறிகுறிக்கு எந்த நாளைப் பார்ப்பது

எங்கள் சந்து வியாசர்பாடியில் இருக்கிறது. எதிரே ஒரு பைக் வந்தால் யார் வீட்டு வாசற்படியிலாவது ஏறி நின்று வழி விட வேண்டும். அவ்வளவு இடத்துக்குள் ஏழெட்டு வீட்டில் கோழி வளர்கிறது. "நம்ம கோழி அடைக்குக் குந்திக்கினு கீதுபா, முட்டை வெக்கட்டா?" என்று முன்கூட்டியே கேட்பவர்கள் குறைவு. மூன்று வாரம் கழித்து, "ஒண்ணுகூட பொரிக்கல, இன்னா ஆச்சுன்னே தெரில" என்று வருபவர்கள்தான் அதிகம்.

அடை வைப்பதில் உள்ள தொல்லையே இதுதான். தவறு நடக்கும் நாள் ஒன்று, அது கண்ணில் படும் நாள் வேறு. 21ஆம் நாள் கூமுட்டையாகக் கையில் கிடப்பது, அடை வைப்பதற்கு முந்தைய வாரமே சமையலறை அலமாரியில் கெட்டுப்போனதாக இருக்கலாம். அதனால் கீழே ஒவ்வொரு அறிகுறிக்கும் எத்தனை நாள் பின்னால் போய்ப் பார்ப்பது என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

அதற்குத் தினசரி காலண்டர், பென்சில், செல்போன் டார்ச் மூன்றும் போதும். முட்டை வைத்த நாளைக் காலண்டரில் வட்டமிடுங்கள். மறுநாளை 1 என்று எண்ணத் தொடங்குங்கள். வைக்கும் முட்டை ஒவ்வொன்றிலும் பென்சிலால் ஒரு கோடு போடுங்கள். ஸ்கெட்ச் பேனா வேண்டாம். முட்டை ஓடு முழுக்க நுண்ணிய துளைகள், மை உள்ளே இறங்கும்.

உட்கார்ந்திருக்கிறது, ஆனால் அடைதானா என்று தெரியவில்லை

முட்டையிட உட்காரும் கோழி ஒரு மணி நேரத்துக்குள் கொக்கரித்துக்கொண்டு எழுந்துவிடும். அடைக்கோழி இரவிலும் அதே இடத்தில் கிடக்கும். கையை நீட்டினால் இறகைச் சிலிர்த்து உடம்பை இரண்டு மடங்காகக் காட்டும், தொண்டைக்குள்ளேயே உறுமும். அடிவயிற்றில் இறகு உதிர்ந்து வெறும் தோல் சூடாகக் கையில் படும். பெரும்பாலும் நாளுக்கு ஒரு தடவைதான் இறங்கும். அப்போது போடும் எச்சம் உருண்டையாகப் பெரிதாக இருக்கும், நாற்றமோ தெருமுனை வரை வரும். அதைப் பார்த்து நோய் என்று பயந்து மருந்து கொடுத்தவர்களை எனக்குத் தெரியும். ஒரே எச்சத்தை நாள் முழுக்க அடக்கி வைத்துப் போடுகிறது, அவ்வளவுதான்.

இரண்டு இரவு தொடர்ந்து உட்கார்ந்த பிறகு நல்ல முட்டையை வையுங்கள். அதுவரை ஒரு பிங்பாங் பந்து போதும். சின்ன உடம்பு நாட்டுக்கோழியான சிறுவிடை இந்த வேலைக்குப் பிறந்தது. 9 முதல் 11 முட்டை வைக்கலாம். பெருவிடையும் நன்றாக உட்காரும், ஆனால் கனம் அதிகம், முட்டை உடையும். வெள்ளை லேயர் கோழியை முட்டைக்காகவே அடை குணம் போகும்படி இனம் பிரித்து வளர்த்திருக்கிறார்கள். அது உட்காரவில்லை என்று வருத்தப்பட ஒன்றுமில்லை.

சில நாள் உட்கார்ந்து, பிறகு எழுந்து போய்விட்டது

முதலில் இரவில் போய்ப் பாருங்கள். செல்லு என்கிற சின்னப் பூச்சி இருக்கிறதா என்பதுதான் முதல் கேள்வி. இது பகலில் கூட்டின் இடுக்கிலும் மரச் சந்திலும் ஒளிந்திருந்து, இருட்டியதும் ஏறி இரத்தம் குடிக்கும். பகலில் கோழியைப் புரட்டிப் பார்த்துவிட்டு "ஒண்ணுமில்லையே" என்றால் அதில் அர்த்தமில்லை. இரவு பத்து மணிக்கு ஒரு வெள்ளைத் துணியைக் கூட்டின் ஓரத்தில் தேய்த்து எடுங்கள். சிவப்புப் புள்ளிகள் நகர்ந்தால், அல்லது நசுங்கி இரத்தக்கோடு விழுந்தால், அதுதான் காரணம். சாக்கு, வைக்கோல் எல்லாவற்றையும் எடுத்து எறிந்துவிட்டு, பெட்டியை வெந்நீர் ஊற்றித் தேய்த்து வெயிலில் காயவிட்டு, இடுக்குகளில் சுண்ணாம்பு அடியுங்கள். மரப்பெட்டியை விட்டு பிளாஸ்டிக் மீன் டப்புக்கு மாறினால் பாதித் தொல்லை போய்விடும்; ஒளிய இடமில்லை, கழுவுவதும் சுலபம். கோழிமேல் தூவும் மருந்தை மட்டும் கால்நடை மருத்துவரைக் கேட்டு வாங்குங்கள். பீரோவில் போடும் அந்துருண்டையைக் கூட்டில் போடும் பழக்கம் எங்கள் பக்கம் இருக்கிறது. அது கோழிக்கும் நஞ்சு.

செல்லு இல்லையென்றால் அடுத்தது சூடு. கத்திரி வெயிலில் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டுக்கு அடியில் மதியம் இரண்டு மணிக்கு நீங்களே ஒரு கால் மணி நேரம் உட்கார்ந்து பாருங்கள். கோழி வாயைப் பிளந்து இளைக்கும், முட்டையைவிட்டு எழுந்து பக்கத்தில் நிற்கும். அதன் உடம்புச் சூடு முட்டைக்கு ஏறக்குறைய 37.5 டிகிரி தருகிறது. அறையே 40ஐத் தாண்டினால் உள்ளே கரு வெந்துபோகும். மொட்டை மாடியைவிட மாடிப்படிக்கு அடியில் உள்ள இருட்டு மூலை நல்லது. பெட்டியின் மேல் ஈரச் சாக்கு போடலாம், காற்றுக்கு வழி விட்டு.

இடத்தை மாற்றியதால் எழுந்துபோன கோழிகளும் உண்டு. மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால் இருட்டிய பிறகு, முட்டையோடும் பழைய சாக்கோடும் மாற்றி, மறுநாள் மதியம் வரை மேலே கூடை கவிழ்த்து வையுங்கள்.

சரி, எழுந்துபோய் முட்டை ஆறிவிட்டது. தூக்கி எறிய வேண்டுமா? வேண்டாம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் எங்கள் வீட்டுக்குள் முழங்கால் தண்ணீர். கோழியைத் தூக்கிப் பரண்மேல் வைத்தேன்; பயத்தில் அது முட்டை மேல் உட்காரவே இல்லை. நாலைந்து மணி நேரம் ஆயிற்று. கை வைத்தால் சில்லென்றிருந்தது. 9 முட்டையில் 5 பொரித்தது, ஒரு நாள் தாமதமாக. குளிர்ச்சியைக் கரு ஓரளவு தாங்கிக்கொள்ளும். அதிகச் சூட்டைத்தான் தாங்காது.

முட்டை எண்ணிக்கை கூடிக்கொண்டே போகிறது

பென்சில் கோடு இதற்குத்தான். மற்ற கோழிகள் அதே கூட்டில் வந்து இட்டுவிட்டுப் போகும். கோடில்லாத முட்டையை அன்றைக்கே எடுத்துவிடுங்கள். "பரவால்ல, இருக்கட்டும்" என்று விட்டால், முதல் குஞ்சுகள் பொரித்ததும் தாய் அவற்றோடு இறங்கிப் போய்விடும். பாதி வளர்ந்த கரு உள்ள முட்டைகள் அப்படியே கிடந்து சாகும்.

எண்ணிக்கை குறைந்தால் பெருச்சாளி. அதைப் பிறகு சொல்கிறேன்.

7ஆம் நாள் டார்ச் அடித்தால் உள்ளே ஒன்றுமே தெரியவில்லை

அட்டையில் ஐம்பது பைசா அளவுக்கு ஓட்டை போட்டு, அடியில் செல்போன் டார்ச், மேலே முட்டையின் அகன்ற முனை. அறை இருட்டாக இருக்க வேண்டும். கரு பிடித்திருந்தால் நடுவில் ஒரு கரும்புள்ளியும் அதிலிருந்து சிலந்திக்கால் மாதிரி சிவப்பு நரம்புகளும் தெரியும். பழுப்பு ஓடு என்றால் 10ஆம் நாள் வரை பொறுத்துப் பாருங்கள்.

எல்லா முட்டையும் விளக்கு மாதிரி தெளிவாக இருந்தால், கரு கூடவே இல்லை. இதற்குக் காலண்டரில் அடை வைத்த நாளுக்கும் முன்னால் போக வேண்டும். மளிகைக் கடை வெள்ளை முட்டையை வைத்தீர்களா? நாமக்கல் பக்கத்துப் பண்ணைகளிலிருந்து வரும் அந்த முட்டையிடும் கோழிகள் கூண்டிலேயே இருப்பவை, சேவலைப் பார்த்ததே இல்லை. எத்தனை நல்ல அடைக்கோழி உட்கார்ந்தாலும் பொரிக்காது. கடையில் "நாட்டுக்கோழி முட்டை" என்று பழுப்பு நிறத்தில் விற்பதும் பல நேரம் இதே கதைதான்.

விடியற்காலை நாலு மணிக்குக் கூவுகிறது என்று பக்கத்து வீட்டார் சொன்னதால் சேவலை விற்றவர்கள் எங்கள் சந்தில் மூன்று பேர். அவர்களுக்கு ஒரு கணக்கு. சேவல் மிதித்த பிறகு கோழி உடம்பில் வித்து சுமார் 10 நாள் உயிரோடு இருக்கும். ஆகவே தெரிந்தவரிடம் ஒரு சேவலை ஒரு வாரம் இரவல் வாங்கிவிட்டு, வந்த நாலாம் நாளிலிருந்து இடும் முட்டைகளைச் சேர்த்தால் போதும். சேவல் திரும்பிப் போன பிறகும் சில நாள் முட்டை தேறும்.

சில முட்டை தெளிவு, சில நரம்போடு இருந்தால் அது சாதாரணம். தெளிவானதை எடுத்துவிடுங்கள், மற்றதற்கு இடம் தாராளமாகும். உள்ளே இரத்தத்தால் வரைந்த மாதிரி ஒரு வளையம் மட்டும் தெரிந்தால் கரு பிடித்துச் செத்துவிட்டது. அதற்கு அடுத்த பகுதியைப் படியுங்கள்.

21 நாள் ஆகிவிட்டது, பொரிக்கவில்லை

இங்கேதான் எல்லோரும் கோழியைத் திட்டுகிறார்கள். இடி இடித்தது, அமாவாசை வந்தது, யாரோ கண் வைத்தார்கள். எங்கள் ஆயா இடி மழைக்கு முட்டைப் பக்கத்தில் ஆணியும் கரித்துண்டும் காய்ந்த மிளகாயும் வைப்பார். நானும் வைக்கிறேன், ஆயா திட்டக்கூடாதே என்று. முட்டைக்கு அதனால் லாபமும் இல்லை, நட்டமும் இல்லை.

முதலில் 23ஆம் நாள் முடியும்வரை கை வைக்காதீர்கள். இடையில் ஆறியிருந்தால் தாமதமாகும். அதற்குப் பிறகும் அசைவில்லை என்றால் முட்டையை உடைத்துப் பாருங்கள். அருவருப்பாக இருக்கும்தான். ஆனால் உள்ளே இருப்பது எந்த நாளில் நின்றது என்று தெரிந்தால்தான், தவறு எங்கே என்று தெரியும். வீட்டுக்கு வெளியே, பாலித்தீன் கவருக்குள் முட்டையை வைத்து, அகன்ற முனையில் தட்டுங்கள். கெட்ட முட்டை வெடிக்கும், கவர் இல்லாமல் செய்தால் சட்டையைத் தோய்ப்பது உங்கள் பாடு.

மஞ்சள் கரு மஞ்சள் கருவாகவே இருந்தால் கரு கூடாத முட்டை. காரணம் மேலே சொன்னது.

இரத்த வளையம், அல்லது கருப்புக் கண் புள்ளி மட்டும் தெரியும் சின்னஞ்சிறு உரு இருந்தால், முதல் வாரத்திலேயே நின்றிருக்கிறது. இதற்குக் காரணம் பெரும்பாலும் அடைக்கு முன்பே இருக்கும். முட்டையை எத்தனை நாள் சேர்த்தீர்கள்? ஒரு வாரத்துக்கு மேல் போனால் ஒவ்வொரு நாளும் பொரிக்கும் வாய்ப்பு குறையும். சென்னை மே மாதத்தில் சமையலறை அலமாரியில் வைத்த முட்டைக்கு அந்த ஒரு வாரமும் கிடையாது. கோழி உட்காராமலே, அறைச் சூட்டிலேயே கரு அரைகுறையாக வளரத் தொடங்கி, நின்று, சாகும். பழைய ஆட்கள் பானையில் ஈர மணல் போட்டு அதன்மேல் முட்டை அடுக்கியது இதற்காகத்தான். மண்பானை, குளிர்ந்த தரை, கூர்முனை கீழே. இன்றைக்கும் அதைவிட நல்ல வழி நம் வீடுகளில் இல்லை. ஃபிரிட்ஜ் வேண்டாம், அளவுக்கு மீறிக் குளிரும். கழுவவும் வேண்டாம், ஓட்டின் மேல் இருக்கும் இயற்கைப் பூச்சு போய்விட்டால் கிருமி உள்ளே போக வழி கிடைக்கும்.

வெளியிலிருந்து வாங்கி வந்த முட்டையா? பொன்னேரியிலிருந்து கும்மிடிப்பூண்டி ரயிலில், பிறகு ஷேர் ஆட்டோவில் குலுங்கி வந்த முட்டையை வீட்டுக்கு வந்ததும் கோழிக்கு அடியில் தள்ளாதீர்கள். ஒரு நாள் கூர்முனை கீழே இருக்கும்படி அசையாமல் வைத்துவிட்டு, அப்புறம் வையுங்கள்.

உடம்பில் இறகு முளைத்த, ஆனால் முழுதாக வளராத குஞ்சு என்றால் இரண்டாம் வாரத்தில் போயிருக்கிறது. இது குறைவாகவே நடக்கும். கோழி நீண்ட நேரம் எழுந்துபோனது, அல்லது முட்டையிட்ட தாய்க்கு வெறும் சோறும் அரிசியுமே தீனி என்பது காரணமாக இருக்கும். வெறும் சோறு தின்ற கோழி முட்டை போடும், ஆனால் குஞ்சு உருவாகத் தேவையான உயிர்ச்சத்து அதில் இருக்காது. அடை வைக்கப் போகும் முட்டைக்கு ஒரு மாதம் முன்பிருந்தே கோழிக்குக் கீரையும் கம்பும் மீன் தலை வேகவைத்ததும் கொடுங்கள்.

முழுக் குஞ்சு, ஆனால் மஞ்சள் கரு இன்னும் வயிற்றுக்கு வெளியே தொங்குகிறது என்றால் 18, 19ஆம் நாளில் நின்றது. மஞ்சள் உள்ளே போய், மூக்கு காற்றறைக்குள் நீட்டியபடி இருந்தால் 20ஆம் நாள் வரை வந்து கடைசிப் படியில் விழுந்தது. இந்த இரண்டுக்கும் கடைசி மூன்று நாளைப் பாருங்கள். வெயில் உச்சமா? கோழியை அடிக்கடி தூக்கித் தூக்கிப் பார்த்தீர்களா? கூடு நனைந்து கிடந்ததா? கடல் மணலை அப்படியே அள்ளிப் போட்டவர்களுக்கும் இது நடக்கும். காசிமேட்டுப் பக்கம் மணல் சும்மா கிடைக்கிறது என்று போடுகிறார்கள். உப்பு ஈரத்தை இழுத்துப் பிடித்துக்கொள்ளும், கூடு காயவே காயாது. நல்ல தண்ணீரில் இரண்டு முறை அலசிக் காயவைத்துப் போடுங்கள்.

ஓடு விரிசல் விட்டது, குஞ்சு வெளியே வரவில்லை

கையைக் கட்டிக்கொள்ளுங்கள். முதல் ஓட்டை போட்ட பிறகு குஞ்சு 12 முதல் 24 மணி நேரம் வரை சும்மா கிடக்கும். சும்மா இல்லை, ஓட்டின் உட்புறச் சவ்வில் உள்ள இரத்தத்தையும் மிச்ச மஞ்சளையும் உடம்புக்குள் இழுத்துக்கொண்டிருக்கிறது. அதற்கு முன் ஓட்டைப் பிய்த்தால் இரத்தம் வடிந்து சாகும். 24 மணி நேரம் தாண்டியும், சத்தம் கேட்டும், சுற்றிவர உடைக்கவில்லை என்றால் மட்டும், துளையைச் சுற்றிச் சிறிதளவு ஓட்டைச் சில்லுச் சில்லாக எடுத்து, உலர்ந்த சவ்வில் வெதுவெதுப்பான நீர் தொட்ட துணியால் ஒற்றி, திரும்பத் தாய்க்கு அடியில் வையுங்கள். சிவப்பு தெரிந்தால் அங்கேயே நிறுத்துங்கள்.

பொரித்த குஞ்சுகள் இரண்டு நாள் தீனி தின்னவில்லை என்று பதற வேண்டாம். உள்ளே இழுத்த மஞ்சள் அதுவரை போதும்.

தாய் குஞ்சைக் கொத்துகிறது

முதல் தடவை அடை காத்த கோழி சில நேரம் முதல் குஞ்சைப் பார்த்து மிரண்டு கொத்தும். இருட்டாக்குங்கள். கூடையைக் கவிழ்த்துச் சாக்கைப் போர்த்தினால் பெரும்பாலும் இரண்டு மணி நேரத்தில் அடங்கிவிடும். அடங்காத கோழியும் உண்டு, அதற்குக் குஞ்சைப் பிரித்து பல்புச் சூட்டில் வளர்ப்பதுதான் வழி.

வேறு குஞ்சைச் சேர்க்கப் போய்க் கொத்து வாங்குவது தனி. தெருவில் கூடையில் வரும் கலர்க் குஞ்சுகளைப் பிள்ளைகள் அழுதார்கள் என்று வாங்கி, பட்டப்பகலில் தாய் முன்னால் விட்டால் வேறென்ன நடக்கும்? தன் குஞ்சும் பிறத்தியார் குஞ்சும் ஒன்றிரண்டு நாள் வயது வித்தியாசத்துக்குள் இருக்க வேண்டும், இரவில் அடியில் நுழைக்க வேண்டும், விடியும் முன் ஒருமுறை போய்ப் பார்க்க வேண்டும். கலர்க் குஞ்சுகள் பெரும்பாலும் பண்ணை கழித்த ஆண் குஞ்சுகள். நோய் சுமந்து வரவும் கூடும் என்பதால் நான் சேர்ப்பதே இல்லை.

காலையில் பார்த்தால் ஒரு குஞ்சு நசுங்கிக் கிடக்கிறது

"கோழி மிதித்துக் குஞ்சு சாகுமா" என்பது பழமொழி. பழமொழி சொன்னவர் வீட்டில் முற்றம் இருந்திருக்கிறது. ஒன்றரை அடிப் பெட்டிக்குள் மூன்று கிலோ பெருவிடையையும் எட்டுக் குஞ்சையும் அடைத்தால் சாகும். பொரித்த அன்றே அகலமான இடத்துக்கு மாற்றுங்கள். கூட்டின் அடி கிண்ணம் மாதிரி ஆழமாக இருந்தால் பக்கவாட்டுக் குஞ்சுகள் நடுவில் சறுக்கி அடியில் மாட்டும். அடை காக்கும்போது அந்தப் பள்ளம் வேண்டும், பொரித்த பிறகு தரை சமமாக வேண்டும்.

கால் இரண்டும் பக்கவாட்டில் விரிகிறது, பின்பக்கம் அடைத்திருக்கிறது

முதலாவதற்குக் காரணம் டைல்ஸ் தரை, அல்லது செய்தித்தாள். பிடிமானம் இல்லை. சாக்கை விரித்து, இரண்டு காலையும் இயல்பான இடைவெளியில் மெல்லிய துணிப்பட்டையால் தளர்வாக இணைத்துவிட்டால் இரண்டு மூன்று நாளில் சரியாகும். ஒரு வாரம் கழித்துச் செய்தால் பலனில்லை. பின்பக்க எச்ச அடைப்பைப் பிய்க்காதீர்கள். வெதுவெதுப்பான நீரில் பஞ்சு நனைத்து ஊறவிட்டுத் துடைத்து, ஒரு சொட்டு தேங்காய் எண்ணெய் தடவுங்கள். தொப்புள் வேறு, எச்சத்துளை வேறு. காய்ந்த தொப்புளைப் பிடித்து இழுத்துவிட வேண்டாம்.

கழிச்சல்

கழிச்சல் என்று சொல்லி வந்தால் நான் முதலில் கேட்பது குஞ்சின் வயதை.

முதல் பத்து நாளில் வெள்ளையாகப் பசை மாதிரிக் கழிந்து, சிறகைத் தொங்கவிட்டு ஒன்றன்பின் ஒன்றாகச் சாகிறதென்றால், சால்மோனெல்லா வகைக் கிருமியாக இருக்கலாம். இது தாயிடமிருந்து முட்டை வழியாகவே வரும். அப்படி நடந்தால் அந்தத் தாயின் முட்டையை மறுபடி அடை வைக்கும் முன் மருத்துவரைக் கேளுங்கள்.

மூன்று முதல் ஆறு வாரத்தில், எச்சத்தில் இரத்தம், குஞ்சு கூனிக்கொண்டு நிற்கிறது என்றால் இரத்தக் கழிச்சல். இது ஈரத்தின் நோய். ஐப்பசி கார்த்திகை மழையில் தரை காயாமல் இருக்கும்போது எச்சத்தில் உள்ள நுண்ணுயிர் முற்றி, அதைக் கொத்தித் தின்னும் குஞ்சின் குடலைக் குடையும். ஆம்ப்ரோலியம் என்ற மருந்தைத் தண்ணீரில் கலந்து கொடுப்பார்கள். அளவை மருத்துவர் சொல்லட்டும். மருந்தோடு ஈரச் சாக்கை மாற்றாவிட்டால் அடுத்த வாரம் அதே நோய் மறுபடி நிற்கும். தண்ணீர்ப் பாத்திரத்தை ஒரு செங்கல் மேல் ஏற்றி வைத்தாலே தரை ஈரம் பாதி குறையும்.

எந்த வயதிலும், பச்சையும் வெள்ளையுமாகக் கழிச்சல், கொட்டாவி விடுவது போல மூச்சு, கழுத்து முறுக்கிக்கொள்வது, ஒரே வாரத்தில் சந்து முழுக்கச் சாவு: இது வெள்ளைக் கழிச்சல். ராணிக்கெட் என்று டாக்டர்கள் சொல்வது இதைத்தான், உத்தராகண்ட் மலை ஊர் ஒன்றின் பெயர். வந்த பிறகு மருந்து கிடையாது. எந்தக் கஷாயத்தைச் சொன்னாலும் நான் இதை மாற்றிச் சொல்ல மாட்டேன். இதற்குப் பார்க்க வேண்டிய நாள் 7ஆம் நாள். பொரித்த ஏழாம் நாள் லசோட்டா தடுப்பு மருந்து கண்ணில் ஒரு சொட்டு, நாலாவது வாரம் மறுபடி, எட்டாவது வாரம் இறக்கைக்கு அடியில் ஊசி. குப்பி நூறு குஞ்சுக்கு உரியதாகத்தான் வரும். எட்டுக் குஞ்சுக்கு அதை வாங்குவது வீண் என்று விட்டுவிடுகிறார்கள். எங்கள் சந்தில் ஒரே நாளில் எல்லா வீட்டுக் குஞ்சையும் சேர்த்துப் போட்டுவிடுகிறோம். ஐஸில் வைத்துக் கொண்டுவர வேண்டும், கலந்தபின் இரண்டு மணி நேரத்துக்குள் தீர்த்துவிட வேண்டும். குடிதண்ணீரில் கலந்து கொடுக்கும் யோசனை இங்கே ஆபத்து: மெட்ரோ வாட்டரில் இருக்கும் குளோரின் தடுப்பு மருந்தில் உள்ள உயிருள்ள வைரஸைக் கொன்றுவிடும். மருந்து கொடுத்தோம் என்ற நிம்மதி மட்டும் மிஞ்சும். கண் சொட்டே நல்லது. கால்நடை பராமரிப்புத் துறை வழக்கமாகப் பிப்ரவரியை ஒட்டி இலவச முகாம் நடத்தும், அதையும் விடாதீர்கள்.

கண்ணைச் சுற்றியும் அலகோரத்திலும் பரு வந்தால் அம்மை. கொசு பரப்புவது. கால்வாய் ஓரத்தில் வாழும் நமக்குச் சொல்ல வேண்டியதில்லை, மாலை ஐந்து மணிக்கே கூட்டின்மேல் கொசுவலைத் துணியைப் போட்டுவிடுங்கள். மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துத் தடவுவது புண் ஆற உதவும், கண் மூடிக்கொண்டால் ஊட்டிவிட வேண்டியிருக்கும்.

காரணம் புரியாமல் இரண்டு மூன்று செத்தால், செத்த குஞ்சைக் கவரில் கட்டி ஐஸில் வைத்து வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரிக்கு எடுத்துப் போங்கள். உயிரோடு இருப்பதைக் காப்பாற்ற அதுதான் நேர்வழி.

குஞ்சு குறைகிறது, உடல் கிடைக்கவில்லை

பகலில் குறைந்தால் மேலே பாருங்கள். காசிமேட்டு மீனும் கொடுங்கையூர் குப்பைமேடும் இருக்கும்வரை நம் தலைக்கு மேல் பருந்து இருக்கும். காக்கா அதைவிடத் தைரியசாலி. தாய் ஒன்றை விரட்டும்போது மற்றொன்று பின்னாலிருந்து தூக்கும். பழைய மீன்வலையை மொட்டை மாடியில் குறுக்கே கட்டினால் இரண்டும் வராது.

இரவில் குறைந்தால் சாக்கடை மூடியைப் பாருங்கள். பெருச்சாளி கம்பி வலையின் அடியில் மண்ணைத் தோண்டி வரும், கோழிவலையின் பெரிய ஓட்டை வழியாகக் குஞ்சை இழுக்கும். அரை அங்குலக் கட்டம் உள்ள வெல்டு மெஷ் வாங்கி, அடியிலும் சேர்த்து அடியுங்கள். பெட்டியைச் செங்கல்மேல் ஏற்றுங்கள். சிந்திய தீனியை இரவில் விட்டுவைக்காதீர்கள். பெருச்சாளி முதலில் வருவது அதற்குத்தான்.

உயிரோடு இருக்கிறது, ஆனால் வளரவில்லை

நொய்யரிசி மட்டும் போட்டால் வயிறு நிறையும், எலும்பு வளராது. முதல் நான்கு வாரம் கடையில் விற்கும் குஞ்சுத் தீவனம் கொடுங்கள், புரதம் இருபது சதவீதத்துக்குக் குறையாமல் வரும். கட்டுப்படியாகாது என்றால் நொய், கேழ்வரகு, பொடித்த கடலைப் பிண்ணாக்கு, வேகவைத்து உதிர்த்த முட்டை. பிண்ணாக்கில் பூஞ்சை வாடை இருந்தால் எத்தனை மலிவானாலும் வேண்டாம்.

கருவாட்டுத் தூளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். நம் பக்கம் மலிவாகக் கிடைக்கிறது, புரதம் என்று ஒரு கைப்பிடி போடுவார்கள். உப்பு போட்ட கருவாடு குஞ்சுக்கு விஷம் மாதிரி. ஓயாமல் தண்ணீர் குடிக்கும், தண்ணீராகக் கழியும், வயிறு வீங்கிச் சாகும். பார்க்கிறவர்கள் கழிச்சல் நோய் என்று நினைப்பார்கள். உப்பில்லாத மீன் தலை, குடலை வேகவைத்து முள் நீக்கிக் கொடுப்பது நல்லது. பிரியாணிக் கடை மிச்சத்துக்கும் இதே காரணத்தால் தடை.

தண்ணீர்த் தட்டில் கூழாங்கல் போடுங்கள், குஞ்சு கால் அங்குலத் தண்ணீரிலும் மூழ்கும்.

பொரித்து முடிந்தது, முட்டையும் இல்லை, ஆனால் கோழி எழ மாட்டேன் என்கிறது

வெறும் தரையில் உட்கார்ந்து மெலிந்துகொண்டிருக்கும். மூக்கில் இறகைக் குத்துவது, தண்ணீரில் முக்குவது எல்லாம் கொடுமை, வேலைக்கும் ஆகாது. அடியில் காற்று போகும் கம்பிக் கூண்டில், செங்கல் மேல் தூக்கி வைத்து, தீனியும் தண்ணீரும் கொடுத்து மூன்று நாலு நாள் விடுங்கள். வயிறு குளிர்ந்ததும் அடை இறங்கிவிடும்.

தாய் திடீரென்று குஞ்சுகளை விரட்டுகிறது

ஆறு முதல் எட்டு வாரம் ஆகியிருக்கும். கொண்டை மறுபடி சிவந்திருக்கும், சேவல் பக்கம் போகும். கோபமில்லை, அடுத்த முட்டைக்குத் தயாராகிறது. அன்றைக்கே குஞ்சுகளை வேறு கூட்டில் அடையுங்கள். முதல் இரண்டு இரவு விடாமல் கத்தும். பக்கத்து வீட்டில் நைட் ஷிஃப்ட் முடித்து வந்து தூங்குபவர் இருந்தால் முன்னாலேயே ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.